மாத்திரை எழுதும் முன்பே கிருமியின் குணம் தெரியுமா?

கேள்வி: என் தாயாருக்கு 64 வயது. ஓராண்டுக்குள் மூன்றாவது முறையாகச் சிறுநீர்ப்பாதைத் தொற்று வந்திருக்கிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வர மூன்று நாள் ஆயிற்று. அதுவரை அவர் சாப்பிட்ட மாத்திரைக்கு அந்தக் கிருமி கட்டுப்படாது என்பது அதன்பிறகே தெரிந்தது. எங்கள் கறவைப் பசுவுக்கு மடிநோய் வந்தபோதும் இதேபோல்தான் நடந்தது. உடனடியாக முடிவு சொல்லும் பரிசோதனை இல்லையா?

பதில்: முதல் மாத்திரையை எழுதிய மருத்துவர் மீது வருத்தப்படாதீர்கள். எரிச்சலும் வலியுமாக எதிரில் உட்கார்ந்திருப்பவரை மூன்று நாள் கழித்து வரச் சொல்ல எங்களால் முடியாது. எந்தக் கிருமியாக இருக்கக்கூடும், அது எந்த மருந்துக்கு அடங்கக்கூடும் என்று ஊகித்தே சிகிச்சையைத் தொடங்குகிறோம். முன்பு பெரும்பாலும் பலித்த அந்த ஊகம், ஆன்டிபயாடிக் மருந்துகளை எதிர்த்து நிற்கும் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டதால் இப்போது அடிக்கடி பொய்த்துப்போகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இந்த எதிர்ப்புத்திறனால் நேரடியாக உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

தாமதத்துக்குக் காரணம் கிருமியின் வளர்ச்சி வேகம்தான். சிறுநீரை ஊட்டக்கூழ் நிரப்பிய தட்டில் தடவி இரவு முழுவதும் இளஞ்சூட்டில் வைத்தால், மறுநாள் கடுகளவுப் புள்ளிகளாகக் கிருமிக் கூட்டங்கள் தெரியும். அவற்றில் ஒன்றை எடுத்து வேறொரு தட்டு முழுவதும் பரப்பி, ஒவ்வொரு மருந்திலும் ஊறிய சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து இன்னோர் இரவு காத்திருக்க வேண்டும். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் போதிய அகலத்தில் இருந்தால் அந்த மருந்து பலிக்கும். வில்லையின் விளிம்புவரை கிருமி படர்ந்திருந்தால் பலிக்காது. நம்பகமான முறைதான், ஆனால் நோயாளியின் அவசரம் அதற்குத் தெரியாது.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க இரண்டு வழிகளில் ஆய்வு நடக்கிறது. ஒன்று, எதிர்ப்பைத் தரும் மரபணுவைத் தேடுவது. காசநோயில் இது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது: 2010இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த எக்ஸ்பெர்ட் பரிசோதனை, காசநோய்க் கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசின் என்ற முக்கிய காசநோய் மருந்துக்கு அடங்குமா என்ற இரண்டையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால், இவ்வகைப் பரிசோதனைகள் தமக்குத் தெரிந்த மரபணுவை மட்டுமே அடையாளம் காணும். புதிய வழியில் மருந்தை எதிர்க்கும் கிருமி அவற்றிடம் சிக்காது.

உங்கள் தாயாரின் நோய்க்கு இரண்டாவது வழியையே நான் அதிகம் நம்புகிறேன். மருந்து பட்டதும் கிருமி வளர்கிறதா, நின்றுவிடுகிறதா என்று நேரடியாகப் பார்ப்பது அது. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை, சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். ஆகவே ஒற்றைக் கிருமியை நுண்ணோக்கியில் பின்தொடர முடிந்தால் இரவெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்வீடனில் உருவான ஒரு கருவி அரை மில்லிக்கும் குறைவான சிறுநீரை நுண்ணிய கால்வாய்களில் செலுத்தி, கிருமி உண்டா என்பதை 15 நிமிடத்திலும், எந்த மருந்து அதைத் தடுக்கும் என்பதை 45 நிமிடத்திலும் காட்டுகிறது. 2024இல் இதற்கு 80 லட்சம் பவுண்டு மதிப்புள்ள லாங்கிட்யூட் பரிசு கிடைத்தது. இப்போதைக்கு அது சிறுநீருக்கும் குறிப்பிட்ட சில மருந்துகளுக்கும் மட்டுமே.

பசுவைப் பற்றியும் கேட்டதற்கு நன்றி. பலர் அதைக் கேட்பதில்லை. மனிதரின் கிருமி வேறு, மாட்டின் கிருமி வேறு என்று சுவர் எழுப்ப முடியாது. கடைசிக்கட்ட மருந்தாக நாங்கள் வைத்திருக்கும் கோலிஸ்டினைச் செயலிழக்கச் செய்யும் எம்சிஆர்-1 மரபணு, 2015இல் சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் மருத்துவமனை நோயாளிகளிடமும் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மடிநோய்க்கான விரைவுப் பரிசோதனையில் தனிச் சிக்கலும் உண்டு: பாலிலுள்ள கொழுப்பும், வீக்கத்தால் வந்து சேரும் வெள்ளணுக்களும் நுண்ணிய கருவிகளுக்கு இடைஞ்சலாகின்றன. இருப்பினும், பண்ணையிலேயே பாலைத் தட்டில் வளர்த்து ஒரே நாளில் கிருமியின் வகையைப் பிரித்தறியும் எளிய முறை இருக்கிறது. லேசான மடிநோயில் கிருமியே வளராமல் போவதும் உண்டு. அப்போது ஆன்டிபயாடிக் ஊசியே தேவைப்படாமல் போகலாம்.

அடுத்த முறை தாயாருக்கு எரிச்சல் தொடங்கினால், முதல் மாத்திரைக்கு முன்பே நடுத்தாரைச் சிறுநீரை (முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை) சுத்தமான குப்பியில் பிடித்துக் கொடுங்கள். மருந்து உள்ளே போனபின் எடுத்தால் கிருமி வளராமல் முடிவு ஏமாற்றிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவில் வலி, மனக்குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் எந்த முடிவுக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொந்தரவு எதுவும் இல்லாதபோது, வெறுமனே பார்ப்பதற்காகக் கல்ச்சர் செய்ய வேண்டாம். வயதானவர்களின் சிறுநீரில் கிருமி தீங்கின்றித் தங்கியிருப்பது உண்டு, அதற்கு மருந்து கொடுப்பது எதிர்ப்பையே வளர்க்கும். வீட்டில் மீந்த மாத்திரையைப் பசுவுக்கும் கொடுக்காதீர்கள். தாயாரின் மூன்று முடிவுத் தாள்களையும் ஒன்றாக எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு எந்த மருந்துக்குக் கிருமி அடங்கியது, எதற்கு அடங்கவில்லை என்பது தெரிந்தால், பரிசோதனை முடிவு வருவதற்கு முன் அவர் எழுதும் மாத்திரை பலிக்கும் வாய்ப்பு கூடும்.