வடிவியலை யார் கண்டுபிடித்தார்கள்? கடலோர ஊரில் அதற்கு என்ன வேலை?

தனியாக ஒருவர் கண்டுபிடித்ததில்லை. எகிப்தில் நைல் வெள்ளம் கரைத்த நிலத்தை வரிக்காக மறுபடி அளந்ததில் தொடங்கியது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். பாபிலோனியர்கள் சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன்பே செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக அமையும் எண்களைக் களிமண் பலகையில் பதித்துவிட்டார்கள். நம் நாட்டில் வேள்வி மேடை அமைக்கச் சுல்ப சூத்திரங்கள் என்ற அளவை நூல்கள் வந்தன. கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எல்லாவற்றையும் நிரூபணங்களோடு கோத்தார். பள்ளியில் நம்மைப் பாடாய்ப் படுத்தியது பெரும்பாலும் அவர் சரக்குதான்!

சரி, நம் கரைக்கு வருவோம். கீழக்கரையில் வீட்டுக்கு மூலைமட்டம் பார்க்கும் கொத்தனார் ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்; வந்தால் மூலை சரியான செங்கோணம். பிதாகரஸ் பெயர் அவருக்குத் தேவையே இல்லை.

கடலில்தான் விஷயம் இன்னும் சுவாரசியம். பூமி வளைந்திருப்பதால், நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்குத் தொடுவானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் இந்தத் தூரம் கிலோமீட்டரில் வந்துவிடும். 30 மீட்டர் கலங்கரை விளக்கத்துக்கு அது சுமார் 19.5 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டுங்கள்: விளக்கின் உச்சி சுமார் 24.5 கிலோமீட்டர் வரை படகிலிருந்து தெரியும், வானம் தெளிவாக இருந்தால்.

அப்புறம், மீன்பாடுள்ள இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பது. கரையில் ஒரு கோபுரமும் ஒரு பனையும் நேர்கோட்டில் வர வேண்டும். வேறு திசையில் இன்னொரு ஜோடியும் அப்படியே. இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளிதான் இடம். ஜிபிஎஸ் இதையே கோடுகளுக்குப் பதில் தூரங்களை வைத்துச் செய்கிறது, குறைந்தது 4 செயற்கைக்கோள்களோடு.