புது நகரில் பள்ளி இடம் பத்தவில்லை: கணக்கை எங்கே தொடங்குவது?

கேள்வி: இராமநாதபுரத்தை ஒட்டி, ராமேஸ்வரம் சாலைப் பக்கம் எங்கள் நகர் உருவாகி ஆறு வருடம் ஆகிறது. 180 வீடு வந்துவிட்டது. அரசுத் தொடக்கப் பள்ளியில் 58 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், இரண்டு அறைகள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். புதுப் பள்ளி கேட்டு மனு போடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருந்தால் இன்னொன்று கிடைப்பது கடினம். இருக்கிற பள்ளிக்கு ஆசிரியரும் அறையும் கேட்பதுதான் சுலபமான வழி. ஆனால் அந்த ஒரு கிலோமீட்டர் நடக்கும் தூரம். மண்டபம், தேவிபட்டினம் கரையில் வரைபடத்தில் வட்டம் போட்டால் பாதி கடலுக்குள் விழும். உங்கள் பக்கம் ரயில் பாதை வேறு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்தே பார்த்துவிடுங்கள்.

மனுவில் '180 வீடு' என்று எழுதாதீர்கள். வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் கட்டிப் பூட்டி வைத்த வீடும் அதில் சேரும். அங்கன்வாடிப் பதிவேட்டையும் கிராம சுகாதார செவிலியர் வைத்திருக்கும் பிறப்பு விவரத்தையும் பார்த்து, வயதுவாரியாக எழுதுங்கள். உதாரணத்துக்கு, நான்கு வயதில் 31, மூன்றில் 34, இரண்டில் 38 என்று வைப்போம். இதில் பாதிப் பேர் மெட்ரிக் பள்ளி வேனில் ஏறிவிடலாம். அதை நாமாக ஊகிக்காமல் வீடு வீடாகக் கேட்பது நல்லது. அப்பாவைவிட அம்மா சரியாகச் சொல்வார்.

சரி, கணக்கு. ஐந்தாம் வகுப்பு முடித்து 9 பேர் போகிறார்கள், அந்த நான்கு வயது 31 பேரில் பாதியாகப் புதிதாக 15 பேர் வருகிறார்கள் என்றால் 58 என்பது 64 ஆகும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61-லிருந்து 90 வரை மூன்று. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை என்பதும் அதே சட்டம்தான். ஆக உங்கள் மனுவின் உயிர் 60-ஐத் தாண்டும் அந்த நான்கு பிள்ளைகளிடம் இருக்கிறது.

அந்த நால்வரின் பெயரும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பள்ளிப் பதிவில் இருக்க வேண்டும். ஆசிரியர் பணியிட நிர்ணயம் அந்தத் தேதியை வைத்துத்தான். நான் பார்த்த ஒரு பள்ளியில் மூன்று பிள்ளைகள் தினமும் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு) பழைய பள்ளி அவர்களை விடுவிக்கவே இல்லை. அந்த வருடம் ஆசிரியர் வரவில்லை. சாயல்குடிப் பக்கம் பனங்காட்டு வேலைக்குப் போன குடும்பங்கள் இருந்தால், திரும்பி வரும்வரை காத்திருக்காமல் ஜூனிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்று சேர்க்க மறுக்க முடியாது.

புது நகருக்கு இன்னொரு குணம் உண்டு. குடிவருபவர்கள் பெரும்பாலும் இளம் தம்பதிகள் என்பதால் பிள்ளைகளும் ஒரே அலையாக வளர்வார்கள். இன்று ஒன்றாம் வகுப்பில் நெரிசல் என்றால் ஐந்து வருடத்தில் அதே நெரிசல் ஆறாம் வகுப்பில். அதனால் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை மூன்று வருடத்துக்கு எழுதும்போதே மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் எத்தனை இடம் என்றும் கேட்டு வையுங்கள்.

அப்புறம், கூடுதல் அறைக்கு நிலம். பெரிய மனைப்பிரிவில் சாலைப் பரப்பு நீங்கலாகக் கணக்கிட்டு ஒதுக்கும் 10 சதவீதத் திறந்தவெளி பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் உரியது. அதில் வகுப்பறை கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். புறம்போக்கு இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரியுங்கள். உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஓதம் உச்சமாக ஏறும் எல்லை) 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை அனுமதியும் வேண்டும்; நிலத்தைக் காட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். வயதுவாரிப் பட்டியல் கையில் வந்ததும் ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமாக ஏற்றி, நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள்.