எச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு 41 வயது. கருப்பை வாய்ப் பரிசோதனையில் எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. இது புற்றுநோயா டாக்டர்? 'யாரிடமிருந்து வந்தது?' என்று கணவர் கேட்டதிலிருந்து வீட்டில் பேச்சே நின்றுவிட்டது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன், சகோதரி. அதற்கு எந்த டாக்டராலும் பதில் சொல்ல முடியாது. எச்.பி.வி. என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். தாம்பத்திய உறவில் தொற்றும் இந்த வைரஸ் பல வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும். ஆண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. உங்கள் மேல் பழிபோட இந்த ரிப்போர்ட்டில் எதுவுமே இல்லை. அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டரே நேரில் சொல்லட்டும்.

இது புற்றுநோய் இல்லை. பெரும்பாலோருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானாகவே போய்விடும். போகாமல் தங்கினால்தான் ஆபத்து. ரிப்போர்ட்டில் 16, 18 என்ற வகை எண் இருக்கிறதா பாருங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த இரண்டால்தான் வருகிறது. இருந்தால் தள்ளிப்போடாமல் கால்போஸ்கோபி செய்துகொள்ளுங்கள். அதில் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி லென்ஸ் வழியே பார்ப்பார்கள். மாறிய செல்கள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். சந்தேகமான இடத்தில் பரிசோதனைக்காகத் துளி சதை எடுப்பார்கள். சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். வேறு வகை என்றால் டாக்டர் சொல்கிறபடி மறுபரிசோதனை.

மகள் இருந்தால் 9 முதல் 14 வயதுக்குள் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுவிடுங்கள்.