பிழை பிறக்கும் இடம்: வேலைத்தலத் தரம் பற்றிய கேள்வி பதில்

கொழும்பில் வேலை செய்யும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆடைத் தொழிற்சாலைத் தரப் பிரிவில் இருந்தவள் என்பதால் தையல் உதாரணம்தான் முதலில் வாயில் வரும். மற்ற வேலைகளுக்கும் அது பொருந்தும்.

கேள்வி (இரத்மலானை, லைன் சூப்பர்வைசர்): அக்கா, எங்கள் டீசேர்ட் லைனில் கடைசிச் செக்கிங்கில்தான் நிறைய ரிஜெக்ட் ஆகிறது. இன்னும் இரண்டு செக்கர் கேட்டிருக்கிறேன். சரிதானே?

பதில்: இன்னும் இரண்டு பேர் வந்தால் பிழை கூடுதலாகப் பிடிபடும், தம்பி. ஆனால் குறையாது. கடைசி மேசைக்கு வரும் உடுப்பில் துணி, நூல், நேரம் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. ஒரு செக்கரை லைனுக்குள் சுற்ற விடுங்கள். ஒவ்வொரு மெஷினிலும் அப்போது தைத்து முடித்த ஏழு துண்டை அவர் எடுத்துப் பார்க்கட்டும். சுத்தமாக இருந்தால் பச்சை அட்டை. பிழை இருந்தால் சிவப்பு அட்டை வைத்து, காரணம் தெரியும்வரை அந்த மெஷினை நிறுத்துங்கள்.

காரணம் தேடுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். தையல் தாவுகிறது என்று வைப்போம். ‘ஒப்பரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதினால் விசாரணை அதோடு முடிந்துவிடும். ஏன் தாவுகிறது? ஊசி மழுங்கிவிட்டது. ஏன் மாற்றவில்லை? உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் ஸ்டோரில் புது ஊசி தருவார்கள். அது நல்ல விதி, துண்டு உடுப்புக்குள் போய்விடக் கூடாதே. ஆனால் உடையாமல் மழுங்கிய ஊசியை எப்போது மாற்றுவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பிள்ளையை எவ்வளவு ஏசினாலும் ஊசி கூராகாது. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ ஐந்து தடவை ‘ஏன்’ என்று கேட்கச் சொன்னது இந்த இடத்துக்கு வந்து சேரத்தான்.

கேள்வி (அதே தம்பி): பையரின் ஆள் பார்த்து பாஸ் பண்ணிய லொட்டிலும் பிறகு முறைப்பாடு வருகிறதே?

பதில்: வரத்தான் செய்யும். 2,000 உடுப்புள்ள லொட்டை ஏ.கியூ.எல். (எவ்வளவு பிழைவரை ஏற்கலாம் என்ற எல்லை) 2.5 அளவில், வழமையான பரிசோதனை மட்டத்தில் பார்த்தால், அவர் எடுப்பது 125 உடுப்பு. அதில் 7 பிழைவரை பாஸ், 8 என்றால் ஃபெயில். ஆக பாஸ் ஆன லொட்டில் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை.

கேள்வி (கொள்ளுப்பிட்டி, டேட்டா என்ட்ரி): எங்கள் ஒபிசில் மாதாமாதம் யாருக்கு எத்தனை பிழை என்று பட்டியல் ஒட்டுகிறார்கள். போன மாதம் நான் முதலாவது, இந்த மாதம் கடைசி, போனசும் இல்லை. நான் அதே மாதிரித்தான் வேலை செய்தேன், அக்கா.

பதில்: உங்களை நம்புகிறேன், தங்கச்சி. தர முகாமை நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் வகுப்பில் செய்து காட்டிய ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி. 50 குழியுள்ள ஒரு தட்டால் ஒவ்வொருவரும் அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் பிழை. சராசரியாகப் பத்து சிவப்பு வரும். ஆனால் ஒருவருக்கு ஐந்து, இன்னொருவருக்குப் பதினைந்து என்று மாறும். குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, கூடியவருக்கு ஏச்சு. அடுத்த சுற்றில் இருவரும் இடம் மாறிவிடுவார்கள்! கணக்குப் போட்டால் 2 முதல் 18 வரை வருவது அந்தப் பெட்டியின் இயல்பு. யாருடைய திறமையும் அதில் இல்லை. சிவப்பைக் குறைக்க வேண்டுமானால் பெட்டியைத்தான் மாற்ற வேண்டும், அது முகாமையின் கையில்.

உங்கள் மனேஜரிடம் ஒரு வருடப் பட்டியலை ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஆள் எப்போதும் தனியாக விலகி நின்றால் அவருக்குப் பயிற்சியோ கண்ணாடியோ தேவைப்படலாம். மற்றபடி படிவத்தைப் பாருங்கள்: வாசிக்க முடியாத கையெழுத்து, ஒரே மாதிரி இரண்டு கட்டங்கள். இப்படித் தற்செயலான ஏற்ற இறக்கத்துக்காக ஒருவரின் போனசை வெட்டுவது அநியாயம்.

கேள்வி (மருதானை, தனியார் கிளினிக்): ஃபைவ் எஸ் என்றால் துப்புரவு வாரம் மாதிரித்தானே?

பதில்: இல்லை. வேலையிடத்தை எப்போதும் ஒழுங்காக வைத்திருக்கும் ஐந்து படி ஜப்பானிய முறை அது. உங்களுக்குப் பக்கத்திலேயே பொரளையில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டளவில் இதைத் தொடங்கியது. வேண்டாததை அகற்றி, ஒவ்வொரு பொருளுக்கும் இடம் குறித்து, அதை அன்றாடப் பழக்கமாக்கினார்கள். பிறகு ஜப்பானிய அரசின் உதவி நிறுவனமான ஜெய்க்கா வழியாக ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்கே அது முன்மாதிரியானது. நம் ஊர் அரச வைத்தியசாலை செய்து காட்டியது இது, பெருமையாகச் சொல்லலாம். போய்ப் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

கேள்வி (வத்தளை, மிளகாய்த்தூள் பொதியிடல்): ஐ.எஸ்.ஓ. 9001 எடுத்தால் எஸ்.எல்.எஸ். சின்னம் போடலாமா?

பதில்: போட முடியாது, ஐயா. 9001 உங்கள் நிர்வாக முறைக்கான சர்வதேசத் தரச்சான்று, எஸ்.எல்.எஸ். சின்னம் அந்தப் பொருளுக்கான இலங்கைத் தரச்சின்னம். சின்னத்துக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். அரை மணிக்கொரு தடவை ஐந்து பைக்கெட்டைத் தராசில் நிறுத்து, சராசரி நிறையை வரைபடத்தில் குறியுங்கள். அமெரிக்கப் புள்ளிவிவர நிபுணர் வால்டர் ஷூவார்ட் 1924இல் தந்த முறை இது, பென்சிலும் தாளும் போதும். ஒரு பைக்கெட் ஒரு கிராம் குறைந்தவுடன் மெஷினைத் திருகாதீர்கள். ஒவ்வொரு பைக்கெட்டுக்கும் திருகினால் நிறை இன்னும் அதிகமாக ஆடும். புள்ளி எல்லைக்கோட்டை (வழமையான ஏற்ற இறக்கம் எதுவரை என்று காட்டும் மேல், கீழ் கோடுகளை) தாண்டினால், அல்லது தொடர்ந்து ஒரே பக்கமாகச் சரிந்தால் மட்டும் மெஷினை நிறுத்திப் பாருங்கள்.