ஜனவரி 31-க்கு அடுத்த தவணை எப்போது?

கேள்வி: ஐயா, குமுளி ஏலக்காய்க் கடைக்குத் தவணைக் கணக்கு நிரல் எழுதுகிறேன். ஜாவாஸ்கிரிப்டில் 2025 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 3 வருகிறதே, ஏன்?
– வாசகர், கம்பம்

பதில்: தம்பி, ஜாவாஸ்கிரிப்டில் மாதத்தை மாற்றும் 'செட்மன்த்' கட்டளை மாதத்தை மட்டும்தான் மாற்றும், 31 அப்படியே நிற்கும். அந்தப் பிப்ரவரிக்கு 28 நாள்தானே, மிச்சம் 3 மார்ச்சில் போய் விழுகிறது. ஜாவா என்ற வேறொரு நிரல்மொழியில் மாதம் கூட்டும் 'பிளஸ்மன்த்ஸ்' 28-இல் தானே நிறுத்திவிடும்; ஜாவாஸ்கிரிப்டில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். முதலில் தேதியை 1 ஆக்கிவிட்டு மாதத்தை மாற்றுங்கள். அதற்கும் அடுத்த மாதத்தின் 0-ஆம் தேதியைக் கேட்டால், மாற்றிய மாதத்தின் கடைசி நாள் கிடைக்கும். அதிலும் 31-இலும் எது சிறியதோ அதை வையுங்கள்.

பலரும் கோட்டை விடுவது வேறு இடத்தில். எல்லாத் தவணையையும் கடன் கொடுத்த தேதியிலிருந்தே எண்ணுங்கள். முந்தைய தவணையிலிருந்து எண்ணினால் மார்ச்சிலும் 28-தான் வரும். மாதக் கடைசியில் காசு பார்க்கும் தோட்டக்காரரிடம் 28-இலேயே கேட்டால் அவர் எங்கே போவார்?