சிபாப் போட்டுத் தூங்கும்போது வாய் வழியே காற்று போகிறது: டேப் ஒட்டலாமா, பெரிய மாஸ்க் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. தென்காசிப் பக்கம் புளியரையில் மரக்கடை வைத்திருக்கிறேன். திருவனந்தபுரத்தில் ஸ்லீப் டெஸ்ட் எடுத்துப் பார்த்து, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது என்று சொல்லி தூங்கும்போது அழுத்தத்தோடு காற்றை ஊதி, அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ சிபாப் மிஷினும் மூக்குக்கு மட்டும் போடும் மாஸ்க்கும் கொடுத்தார்கள். கோடை முழுக்க நன்றாகத்தான் தூங்கினேன். சாரல் தொடங்கியதிலிருந்து பாதி ராத்திரியில் வாய் திறந்துகொள்கிறது. புஸ்புஸ் என்று காற்று அடிக்கிறது என்கிறார்கள் வீட்டில். காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது. வாயில் டேப் ஒட்டச் சொல்கிறது யூடியூப். மிஷின் விற்ற கடையிலோ வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் வாங்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கோடையில் இல்லாத தொல்லை சாரலில் வந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிஷின் அதே மிஷின், மாஸ்க் அதே மாஸ்க், தாடையும் அதே தாடை. மாறியிருப்பது பெரும்பாலும் உங்கள் மூக்காகத்தான் இருக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் குளிர்ந்த ஈரக்காற்று, பூட்டிக் கிடக்கும் அறையின் பூஞ்சை, பகலெல்லாம் கடையில் பறக்கும் மரத்தூள் என்று மூக்கை அடைக்க உங்கள் ஊரில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. மூக்கு அடைத்தால் வாய் திறக்கும். அதை டேப்பால் மூடினால் நீங்கள் எதன் வழியாக மூச்சு விடுவீர்கள்?

மிஷின் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் இந்த முறையை உலகுக்குச் சொன்னபோதே, காற்றை மூக்கு வழியாகத்தான் செலுத்தினார். மூக்கு வழியே போகும் காற்றழுத்தம் தொண்டையின் சதை உள்ளே சரிந்து மூடிவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. அந்தக் காற்று வாய்க்கு வராமல் தடுப்பது உதடு மட்டுமல்ல. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டி நிற்பதும், பின்னாலுள்ள மென்மையான அண்ணம் நாக்கின் மேல் படிவதும்தான் முக்கியமான அடைப்பு. அதனால்தான் சிலர் வாய் லேசாகத் திறந்து தூங்கினாலும் காற்று கசிவதில்லை. வீட்டில் வாய் திறந்திருப்பதைப் பார்த்தார்கள் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டவேண்டாம். உங்களுக்குச் சத்தமும் கேட்கிறது, வாயும் காய்கிறது, அதனால் கசிவு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். காற்று கண்ணில் அடித்தால் அது மாஸ்க்கின் விளிம்பில் கசிவது, வாய்க் கசிவு அல்ல. மாஸ்க்கின் முன்பக்கம் எப்போதும் காற்று வந்துகொண்டே இருக்கும் சிறு துளைகள் நீங்கள் விடும் கரியமில வாயு வெளியேறுவதற்காக வைத்தவை. சத்தம் பிடிக்கவில்லை என்று அதில் பிளாஸ்திரி ஒட்டுகிறவர்கள் உண்டு. ஒருக்காலும் செய்யக் கூடாது. அப்புறம், வாய் காய்வதற்குச் சில ஒவ்வாமை மாத்திரைகளும் சர்க்கரை நோயும்கூடக் காரணமாகலாம். மிஷினின் கசிவுக் கணக்கைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். ரெஸ்மெட் மிஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டர் என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே கொஞ்சம் கசிந்தால் மிஷினே ஈடுகட்டிக்கொள்ளும். ராத்திரியின் பெரும்பகுதி அதற்கு மேலே போனால்தான் சிகிச்சை கெடுகிறது. வேறு கம்பெனி மிஷின்கள் துளைகள் வழியே போகும் காற்றையும் சேர்த்துக் காட்டக்கூடும், அதனால் எண்ணை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

இப்போது மூக்கைப் பார்ப்போம். சாரல் நாளில் இதைச் செய்து பார்க்கலாம்: குளிர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடி மெதுவாக மூச்சு விடுங்கள். தட்டில் இரண்டு ஆவித் திட்டுகள் விழும். ஒன்று பெரிதாகவும் மற்றது காசளவாகவும் விழுந்தால் அந்தப் பக்கம் காற்று குறைவு என்று அர்த்தம். மூக்குத் துவாரங்கள் சில மணிக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொண்டு கொஞ்சம் அடைப்பது இயல்பு, ஆகவே வேறு வேறு நேரங்களில் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் சின்னதாகவே இருந்தால் மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கலாம், அது காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். இன்னொன்று: படுக்கும் முன் உட்கார்ந்தபடியே மாஸ்க்கைப் போட்டு மிஷினை ஓட்டி, வாயை மூடிக்கொண்டு பத்து நிமிடம் டிவி பாருங்கள். விழித்திருக்கும்போதே திணறினால் தூக்கத்தில் வாய் திறக்காமல் என்ன செய்யும்?

மூக்கைத் திறக்க முதல் வழி உப்புநீரில் கழுவுவது. மருந்துக்கடையில் இதற்கான பொட்டலமும் அழுத்திக் கழுவும் பாட்டிலும் கிடைக்கும். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் ஒருமுறை கழுவினால் மரத்தூள் போய்விடும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். உங்களுக்கு அடுத்த கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். அது குடிக்கும் தண்ணீரால் வருவதல்ல, பெரும்பாலும் மூக்கு வழியே ஏறும் தண்ணீரால் வருவது. கிணற்றுத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடாதீர்கள். தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்து, மூடி ஆறிய தண்ணீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். வடிகட்டும் ஃபில்டர் தண்ணீர் போதும் என்று நினைத்துவிட வேண்டாம்.

கழுவியும் அடைப்பு நின்றால், ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை மருத்துவர் எழுதித் தருவார். அது அடித்த அன்றே வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் தினமும் அடிக்க வேண்டும். இரண்டு நாளில் பலனில்லை என்று தூக்கிப் போடுகிறவர்களே அதிகம். இதற்கு நேர்மாறு, போட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும் சொட்டு மருந்துகள். ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று அட்டையில் எழுதியிருக்கும். மூன்று நாளைக்கு மேல் தொடர்ந்து போட்டால், மருந்து இறங்கியதும் முன்பைவிட மோசமாக அடைக்கும், திரும்பப் போடவைக்கும். சாரல் முடியும்வரை அதையே நம்பி ஓட்ட முடியாது.

மூக்குக்கு அடுத்து ஈரப்பதம். வெளியே மழை பெய்யும்போது மிஷினுக்கு எதற்கு ஈரம் என்று சாரல் காலத்தில் ஹியூமிடிஃபையரை அணைத்துவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அங்கேதான் வினை. வாய் வழியே காற்று கசியத் தொடங்கினால் மூக்கு ஒருவழிப் பாதையாகிவிடும். மூச்சு விடும்போது திரும்ப வந்து மூக்கை நனைக்க வேண்டிய வெதுவெதுப்பான ஈரக்காற்று வாய் வழியே போய்விடுகிறது. மூக்கின் உட்தோல் காய்ந்து வீங்கி இன்னும் அடைக்கிறது, வாய் இன்னும் திறக்கிறது. இந்தச் சுழலை அறுப்பது சூடேற்றும் ஹியூமிடிஃபையர்தான். நடுத்தர அளவில் வைத்து, வாய் காய்ந்தால் ஒரு படி கூட்டுங்கள். குளிர்ந்த அறையில் கூட்டினால் குழாய்க்குள் தண்ணீர் கோத்து முகத்தில் தெறிக்கும். அப்போது ஈரத்தைக் குறைக்க வேண்டாம். குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், மிஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள், மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள். சூடேறும் குழாய் உங்கள் மிஷினுக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஹியூமிடிஃபையர் தொட்டியின் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு டிஸ்டில்டு வாட்டர் மாற்றுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் வாய் திறந்தால் தாடையைக் கவனிக்கலாம். மல்லாந்து படுத்தால் தாடை தொங்கும். ஒருக்களித்துப் படுத்தாலே சிலருக்குப் பாதிக் கசிவு நின்றுவிடும். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு உதடும் தாடையும் தளர்ந்துவிடும், மாஸ்க்கும் பொருந்தாது. போட்டுக்கொண்டே தூங்கலாமா என்று பல் மருத்துவரைக் கேளுங்கள். ராத்திரி சரக்கும் தூக்க மாத்திரையும் தாடையைத் தொளதொளவென்று ஆக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாய் திறக்காமல் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டும் தாடைப் பட்டையைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. சிலருக்கு உதவுகிறது, விலையும் குறைவு, முயன்று பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் பட்டை தாடையை மேலே தூக்க வேண்டும், பின்னால் இழுக்கக் கூடாது. பின்னால் இழுத்தால் நாக்கும் பின்னால் போய்த் தொண்டையை அடைக்கும், நோயை நாமே கூட்டியதாக ஆகிவிடும். தாடை மூடியும் உதட்டோரம் கசிந்தால் பட்டையால் பயனில்லை.

சரி, டேப். உங்கள் ஊரில் நான் அதை வேண்டாம் என்று சொல்ல முக்கியக் காரணம் கரண்ட். காற்றுக் காலத்தில் மரக்கிளை விழுந்து ராத்திரியில் மின்சாரம் போவது உங்களுக்குப் புதிதல்ல. வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கில், மிஷின் நின்றால் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும் ஒரு வால்வு இருக்கும். மூக்கு மாஸ்க்குகளில் பொதுவாக அது இருப்பதில்லை, வாய் இருக்கிறதே என்ற தைரியம்தான். அந்த வாயையும் ஒட்டிவிட்டால், மிஷின் நின்றபின் குழாய்க்குள் நீங்கள் விட்ட காற்றையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் விழித்துக்கொள்வீர்கள். மாத்திரையோ சரக்கோ போட்டிருந்தால் அந்த நம்பிக்கையும் இல்லை. நெஞ்செரிச்சல், வாந்தி வரும் தன்மை உள்ளவர்களும் டேப் பக்கமே போகக் கூடாது. டேப் இருக்கிறதோ இல்லையோ, மிஷினுக்கு ஒரு இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்துவிடுங்கள். கரண்ட் நெடுநேரம் வராத நாளில் ஹியூமிடிஃபையரை அணைத்தால் பாட்டரி கூடுதல் நேரம் நிற்கும்.

மிஷினின் அழுத்தத்தையும் மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டோ மிஷின்கள் 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் வரை போகும். வரம்பைக் குறுக்காமல் அப்படியே விட்டிருந்தால், கசிவு நேரத்தில் மிஷின் குழம்பி அழுத்தத்தை ஏற்றவும் கூடும். பஞ்சரான டியூபுக்குப் பம்ப் அடிக்கிற கதைதான். அழுத்தம் ஏற ஏற உதடு இன்னும் எளிதாகத் திறக்கும். குறைவான அழுத்தமும் வில்லங்கமே: மூச்சு தடைபட்டுத் திணறி விழிக்கும்போது வாய் திறக்கும். ஆகவே எண்ணை நீங்களாகவே மாற்றாதீர்கள். மிஷினில் உள்ள எஸ்டி கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கசிவு எப்போது தொடங்குகிறது, அப்போது அழுத்தம் எவ்வளவு என்று மருத்துவர் கம்ப்யூட்டரில் பார்த்து வரம்பை மாற்றித் தருவார்.

கடைக்காரர் சொன்ன பெரிய மாஸ்க் தவறானது என்று நான் சொல்லவில்லை. மூக்கின் உள்ளமைப்பே குறுகலாக இருந்து அறுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்றால், அல்லது மேலே சொன்னதெல்லாம் செய்து சில வாரமாகியும் கசிந்தால், அதற்குப் போகலாம். ஆனால் அதுவே முதல் மருந்தல்ல. முகத்தில் அது தொடும் பரப்பு அதிகம், அதனால் விளிம்புக் கசிவும் அதிகம். தாடையை அழுத்திப் பின்னால் தள்ளுவதால் சிலருக்கு மேலும் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். அடர்த்தியான மீசை இருந்தால் விளிம்பு சரியாகப் படியாது. மீசையை எடுக்க மனமில்லாதவர்கள் மூக்குத் துளையில் செருகும் வகையைக் கேட்டுப் பார்க்கலாம், அதற்கு வாய் மூடியிருக்க வேண்டும் என்பதை மறக்காமல். தலைக்கும் முகத்துக்கும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு மாஸ்க் போடுகிறவராக இருந்தால், முதலில் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெயில் மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு வழுக்கும். மாஸ்க்கின் பட்டையை இறுக்கினால் சரியாகும் என்று நினைத்து இறுக்கினால் மாஸ்க்கின் மெத்தென்ற விளிம்பு நசுங்கிக் கசிவு கூடும்.

காலையில் தலைவலி, மூக்கில் ரத்தம், பகலில் முன்போல் தூக்கம் சொக்குவது, மிஷின் காட்டும் மூச்சுத்தடை எண்ணிக்கை மணிக்கு 5-க்கு மேல் போவது இவற்றில் எது வந்தாலும் சில வாரம் பார்ப்போம் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மர லோடு ஏற்றிக்கொண்டு ஆரியங்காவுக் கணவாய்ச் சாலையில் நீங்களே வண்டி ஓட்டுகிறவர் என்றால் அதுவரை ஓட்ட வேண்டாம். பெரிய மாஸ்க்தான் என்று முடிவானால், கடையில் நின்றபடி முகத்தில் வைத்துப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் மிஷினைக் கொண்டுபோய், படுத்துக்கொண்டு, வழக்கமான அழுத்தத்தில் ஓட்டி, இருபுறமும் திரும்பிப் பார்த்து, அளவு சரியில்லையென்றால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டுக்கொண்டு பணம் கொடுங்கள்.