நள்ளிரவில் கதவை உடைப்பவர் போலீஸ்காரராக இருந்தால்?

கேள்வி: டெக்சாஸில் டல்லாஸுக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். போன வருடம் எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு வந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்த பிறகு முறைப்படி ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகளும், எச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பியும் உண்டு. கதவைத் தட்டாமலே போலீஸ் உடைத்து நுழையலாம் என்று வாரண்ட் தருகிறார்களாம், சில சமயம் வீடு மாறியும் நுழைந்துவிடுகிறார்களாம். திருடன் என்று நினைத்து நான் சுட்டுவிட்டால் சட்டம் காப்பாற்றுமா? "உன் வீடு, உன் உரிமை" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில்: முதலில் நீங்கள் கேட்காத ஒரு விஷயம். இதை இன்றைக்கே செய்யுங்கள். அந்தத் துப்பாக்கி உங்கள் தம்பியின் கைக்கு எட்டக் கூடாது. கிரீன் கார்டு உள்ள நீங்கள் வைத்திருக்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் மாதிரியான சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். 15 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம், நாடு கடத்தவும் செய்யலாம். "அது அண்ணனுடையது" என்ற பதில் எடுபடாமல் போகலாம். பூட்டாத மேஜையில் அவர் எடுக்கும்படி கிடந்தால், அவர் வசமும் இருந்தது என்று அரசுத் தரப்பு வாதாடும். பெட்டகம் வாங்கிப் பூட்டுங்கள். திறக்கும் எண் தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 9.32-ஆம் பிரிவு இப்படிப் போகிறது: குடியிருக்கும் வீட்டுக்குள் ஒருவர் சட்டவிரோதமாக, பலவந்தமாக நுழைகிறார் என்று நம்ப உங்களுக்குக் காரணம் இருந்தது; நீங்கள் அவரைச் சீண்டவில்லை; குற்றச் செயல் எதிலும் ஈடுபட்டிருக்கவில்லை. அப்படியானால் நீங்கள் சுட்டது நியாயமே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பின்வாங்கி ஓட வேண்டிய கடமையும் இல்லை. மீதிப் பாதி 9.31-இல் இருக்கிறது. வந்திருப்பவர் போலீஸ் என்று தெரிந்தால், அவர் செய்யும் கைதையோ சோதனையையோ, அது சட்டவிரோதமாகவே இருந்தாலும், பலத்தால் எதிர்க்கக் கூடாது. (அவர்கள் முதலில் தேவைக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்தினால் ஒரு விலக்கு உண்டு. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.)

ஆக, எல்லாமே "தெரிந்தால்" என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்த நீங்கள் இருட்டில் மூன்று விநாடியில் முடிவெடுப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று கோர்ட்டில் உட்கார்ந்து சொல்லப்போவது ஜூரி எனப்படும் 12 பொதுமக்கள், அதுவும் மாதங்கள், வருடங்கள் கழித்து.

உங்கள் மாநிலத்திலேயே நடந்த இரண்டு வழக்குகளைப் பாருங்கள். 2013 டிசம்பரில், பர்ல்சன் கவுண்டியில் விடியும் முன் வீட்டுக்குள் நுழைந்த போலீஸ்காரர் ஒருவரை ஹென்றி மகீ என்பவர் சுட்டார். அந்தப் போலீஸ்காரர் இறந்துவிட்டார். கொள்ளைக்காரர்கள் என்று நினைத்தேன் என்றார் மகீ. வழக்கு நடத்தலாமா என்று முதலில் முடிவு செய்யும் கிராண்ட் ஜூரியே கொலைக் குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. ஐந்து மாதம் கழித்து கிலீன் நகரில், அதேபோல விடியும் முன், அதேபோல நோ-நாக் வாரண்டோடு (நீங்கள் சொன்ன, தட்டாமலே நுழைய விடும் வாரண்ட்) போலீஸார் போனார்கள். மார்வின் கய் என்பவர் சுட்டதாகச் சொல்லப்பட்டதில் ஒரு துப்பறியும் அதிகாரி இறந்தார். கய்யும் அதையேதான் சொன்னார். விசாரணைக்கே 9 வருடத்துக்கு மேல் சிறையில் காத்திருந்தார். 2023-இல், போலீஸ் என்று தெரிந்தே கொன்றார் என்ற பெரிய குற்றச்சாட்டை ஜூரி ஏற்கவில்லை. ஆனாலும் கொலைக் குற்றவாளி என்று ஆயுள் தண்டனை கொடுத்தது. மகீ வெள்ளையர், கய் கறுப்பினத்தவர். இரண்டு வழக்குகளின் விவரங்களும் அச்சு அசலாக ஒன்றல்ல. ஆனால் நிறத்தைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

கென்டக்கியில் 2020 மார்ச் 13 அன்று பிரியானா டெய்லர் என்ற பெண்ணின் வீட்டில் நடந்ததும் இதுதான். அங்கே வாரண்ட் நோ-நாக் வகை. ஆனாலும் தட்டி, யார் என்று சொன்னோம் என்றது போலீஸ். தட்டியது கேட்டது, போலீஸ் என்று சொன்னது கேட்கவில்லை என்றார் அவருடைய காதலர் கென்னத் வாக்கர். சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கியால் ஒரே ஒரு முறை சுட்டார். பதிலுக்குப் பாய்ந்தவை 32 தோட்டாக்கள். செத்தது சுடாத பிரியானா. வாக்கர் மீது போட்ட கொலை முயற்சி வழக்கு பிறகு கைவிடப்பட்டது, நகர நிர்வாகம் 20 லட்சம் டாலர் கொடுத்தது. சட்டம் அவரைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். பிரியானாவை அது காப்பாற்றவில்லை.

தட்டிவிட்டு, யார் என்று சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்பது 1604-ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அது அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தத்துக்குள் அடங்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. தட்டினால் ஆபத்து, அல்லது சாட்சியத்தை அழித்துவிடுவார்கள் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் தட்ட வேண்டாம் என்று 1997-இல் வரம்பு வைத்தது. 2006-இல் வந்த ஹட்சன் தீர்ப்புதான் என்னை வருத்துவது. விதியை மீறி நுழைந்தாலும் கைப்பற்றிய பொருளைச் சாட்சியமாகப் பயன்படுத்தலாம் என்று 5-4 என்ற கணக்கில் முடித்துவிட்டார்கள். மீறினால் வழக்கு தோற்கும் என்ற பயம் போனபின் அந்த விதியை யார் மதிப்பார்கள்? நீதிபதி கையெழுத்துப் போடுகிறாரே என்றால், 2019-இல் ஹூஸ்டனில் ஜெரால்ட் கோயின்ஸ் என்ற அதிகாரி பொய்யான பிரமாணப் பத்திரத்தில் நோ-நாக் வாரண்ட் வாங்கினார். ஒரு கணவனும் மனைவியும் சொந்த வீட்டில் செத்தார்கள். கோயின்ஸுக்கு 2024-இல் 60 ஆண்டு சிறை. விர்ஜீனியாவும் புளோரிடாவும் இந்த வாரண்டையே விலக்கியிருக்கின்றன. டெக்சாஸில் ஆஸ்டின் போன்ற சில நகரங்கள் மட்டும்தான். போலீஸ்காரரின் உயிருக்கும் இந்த முறை எமன் என்பதால், மாநிலம் முழுக்க ஒழிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் வீடு. சத்தம் கேட்டால் கதவை நோக்கிப் போகாதீர்கள். எல்லோரும் ஒரே அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு 911-ஐ அழையுங்கள். "என் வீட்டுக் கதவை உடைக்கிறார்கள், போலீஸா என்று சொல்லுங்கள்" என்று முகவரியோடு கேளுங்கள். அந்த அழைப்பு பதிவாகும். உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. போலீஸ் என்று தெரிந்த கணமே கைகள் வெறுமையாகத் தெரிய வேண்டும். 2024 மே மாதம் புளோரிடாவில் ரோஜர் ஃபோர்ட்சன் என்ற 23 வயது விமானப்படை வீரர், கதவு தட்டும் சத்தம் கேட்டு, துப்பாக்கியைத் தரையை நோக்கிப் பிடித்தபடி திறந்தார். ஷெரிப் அலுவலகக் காவலர் உடனே சுட்டுவிட்டார். இத்தனைக்கும் அந்தக் காவலர் தட்டித்தான் வந்தார்.

வீடு மாறி வந்திருந்தாலும் அந்த நேரத்தில் தடுக்க வேண்டாம். "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று வாயால் சொல்லுங்கள், வாரண்டைக் கேட்டு முகவரியைப் படியுங்கள், வக்கீல் வராமல் வேறு பேச்சு வேண்டாம். உடைந்த கதவைப் படம் எடுங்கள், கேமரா பதிவை அழிந்து போகாமல் சேமியுங்கள். அட்லாண்டா அருகே 2017-இல் எஃப்.பி.ஐ. வீடு மாறி நுழைந்த குடும்பத்தின் வழக்கு தொடரலாம் என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வழிவிட்டது. ஆனால் கெடு உண்டு. மத்திய அரசு ஆட்கள் என்றால் 2 ஆண்டுக்குள் அந்தத் துறைக்கே எழுத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். உள்ளூர் போலீஸ் என்றால் டெக்சாஸில் வழக்குப் போடவும் அதே 2 ஆண்டுதான்.